வற்றுநேரத்து ஆழம்

விதி இருபது மீட்டர் என்கிறது.
எந்த வேளையில் என்று சொல்லவில்லை.
சென்யோர் உர்ரெஹோலா இதைக் கண்டுபிடித்த அன்று
தெப்பத்தில் எல்லோருக்கும்
அவர் செலவில் காப்பி.

சிலோயேத் தீவின் உட்கடலில்
ஓதம் ஆறு, ஆறரை மீட்டர் ஏறும், இறங்கும்.
மீன்கூண்டுகளைக் கட்டிவைத்திருக்கும் சிமெண்ட் பாளங்கள்
ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.
கடல் முழுக்க வற்றிய அரைமணி நேரம்
அவை பத்தொன்பதரையில் கிடக்கின்றன.
மற்ற நேரமெல்லாம்
வேறொரு எண்ணில்.

"கடற்படை வரைபடமே
வற்றுநீரிலிருந்துதான் ஆழம் சொல்கிறது, எடெல்மிரா.
கடற்படையை விடவா நமக்குக் கடல் தெரியும்?"
என் பேனா பத்தொன்பதரை என்று எழுதியது.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
ஏட்டுக் கடலோ எல்லாவற்றுக்கும் உதவிற்று:
காப்பீட்டுக்கு, ஏற்றுமதிக்கு,
ஜப்பானிலிருந்து வந்த நால்வர்
தலையசைத்துக் கையெழுத்திட்டுப் போவதற்கு.

ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் இறங்கக் கூடாது
என்றும் இருக்கிறது.
எலிசேயோ சிகுவாய் ஏழு முறை போவான்.
ஆனால் படகில் ஏறவில்லை அல்லவா?
தண்ணீருக்கு மேல் தலையை நீட்டி,
யாரோ பிடித்துக்கொண்ட சிகரெட்டில் இரண்டு இழுப்பு,
சாவி மாற்றிக்கொண்டு மறுபடி கீழே.
படகில் கால் வைத்தால்தான் ஒரு முறை முடியும்.
இப்படிப் பொருள் சொல்வதற்கென்றே
புவெர்ட்டோ மோன்ட்டிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்து
மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் போனார்.

பிறகு, மேலே,
மீட்புக்கு ஆயத்தமாக ஓர் ஆள்.
அந்தக் கட்டத்தில் என் பெயர்.
எனக்கு நீச்சல் தெரியாது.
சொன்னேன்.
"ஆள் இருக்க வேண்டும் என்றுதானே இருக்கிறது,
நீ ஆள் இல்லையா?"
சிரித்தோம். நானும்தான்.
அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று இன்னும் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை,
ஓதம் உச்சியில் நின்றபோது,
எலிசேயோ மேலே வந்து
முகமூடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.
விரல்கள் மரத்துவிட்டன என்றான்.
பிறகு தோளைச் சொன்னான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
அவன் மணிக்கட்டைத் திருப்பி
ஆழமானியைப் பார்த்தேன்: இருபத்தாறு.
சொந்தக் காசில் வாங்கியது அது.
ஆகவே கருவி இல்லை, உடைமை.

அன்று நான் இருபத்தாறு என்று எழுதினேன்.

சென்யோர் கோபப்படவில்லை.
ஏட்டை என் பக்கம் திருப்பி,
ஓத அட்டவணையை அதன்மேல் விரித்து,
பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல
"ஆறரையைக் கழி" என்றார்.
கழித்தேன்.
கணக்கு சரியாகத்தான் வந்தது.

தவறாக வந்திருந்தால்
சண்டை போட்டிருப்பேன்.

ஆய்வாளர் நவம்பரில் வந்தார்.
அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தவள் நான்தான்,
அதே அட்டவணையைப் பார்த்து: காலை பத்து நாற்பது.
ஈயக்குண்டு கட்டிய கயிற்றை அவரே இறக்கினார்.
பத்தொன்பதரை.
நேர்மையான மனிதர். கயிறும் நேர்மையானது.
தொப்பியிலிருந்து மழை சொட்டச் சொட்ட
"விதிமீறல் ஏதுமில்லை" என்று எழுதி
என் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

எலிசேயோ இப்போது இறங்குவதில்லை.
தோள்வலி குளிரினால் வந்தது என்று முடிவாயிற்று.
குளிருக்கு விதி இல்லை.
சனிக்கிழமை கெல்யோன் கடையில் பார்த்தேன்.
யெர்பா பொட்டலம் மேல்தட்டில் இருந்தது.
என்னை எடுத்துத் தரச் சொன்னான்.
நான் அவனைவிடக் குள்ளம்.
ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறி
எடுத்துக் கொடுத்தேன்.

தரையிலிருந்து இரண்டு மீட்டர் இருக்கும்,
எந்த வேளையில் அளந்தாலும்.